அறப்பள்ளிக்கு நடந்த நாள்

பண்ருட்டிக்கு அருகில் திருவாமூர் என்னும் சிற்றூர் உளது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் பிறந்த ஊர் அது. கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில் சூலைநோய் நீங்கப் பெற்ற அப்பெரியார், முதுமையில் கயிலை காண விழைந்து வடதிசை நோக்கி நடந்தார். காசியில் உடன்வந்தோரை விடுத்துத் தனியே சென்றார் என்றும், பாதம் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் தேய்ந்தபின் மார்பாலும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்றார் என்றும் சேக்கிழார் பாடியுள்ளார். இப்பகுதியை நடத்தும்பொழுது மாணவர் ஒருவர், "ஐயா, தாங்கள் மலைக்காட்டில் தனியே நடந்ததுண்டா?" என வினவினார். உண்டு, ஒரே ஒரு நாள்.

1988ஆம் ஆண்டு ஆனித் திங்களில் கொல்லிமலைக்குச் சென்றேன். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அதன்மீதுள்ள அறப்பள்ளியின் பெயர் அப்பர் பாடலில் வருகிறது. அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியதும் அவ்விறைவன் மீதே. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறும். நானோ, துறையூர்ப் பக்கத்துப் புளியஞ்சோலையிலிருந்து காட்டுவழியே ஏற விரும்பினேன். ஆடிப் பதினெட்டை ஒட்டி அடியார் பலர் ஏறும் வழி அது. ஆனியில் ஆளரவம் இராது.

மலைமேல் ஆகாயகங்கை என்னும் அருவியாக ஏறத்தாழ 300 அடி வீழ்ந்து, புளியஞ்சோலைக்கு இறங்கிவரும் ஆற்றுக்கு ஐயாறு என்று பெயர். கயிலை காணச் சென்ற அப்பர் பொய்கையில் மூழ்கி எழுந்த தலமும் திருவையாறே. பெயர் ஒன்று, இடம் வேறு.

வனக்காவலரிடம் இசைவு பெற்று விடியலில் புறப்பட்டேன். தோளில் ஒரு பை. அதனுள் கட்டுச்சோறும் போர்வையும். கையில் ஒரு கழி. "இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்யும். தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தால் ஆற்றில் கால் வைக்காதீர்கள்" என்று காவலர் சொல்லி அனுப்பினார்.

ஒற்றையடிப்பாதை ஆற்றை மீண்டும் மீண்டும் குறுக்கிட்டுச் சென்றது. மூன்று துறைகளை முழங்கால் நீரில் கடந்தேன். நான்காம் துறையில் கால் வைக்கும் வேளையில், பளிங்கு போன்றிருந்த நீர் தேநீர் நிறம் கொண்டது. காய்ந்த இலைகள் சில சுழன்று வந்தன. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. எனினும் பின்வாங்கி, கரையின் மேலிருந்த பாறையொன்றில் ஏறினேன். நூறு எண்ணுவதற்குள் பேரொலியுடன் செந்நீர் வந்தது. சற்றுமுன் நான் நின்ற கல்லை அது மூடிற்று. முறிந்த மரக்கிளைகளை உருட்டிச் சென்றது. பின்னே திரும்பிப் பார்த்தேன். கடந்துவந்த மூன்றாம் துறையும் வெள்ளக்காடாய் இருந்தது. முன்னும் செல்ல இயலாது. பின்னும் செல்ல இயலாது. "திரும்பிப் போ" என்று அப்பருக்குச் சொல்ல முனிவர் வடிவில் ஒருவர் வந்தார். எனக்கோ திரும்பும் வழியே இல்லை!

அப்பாறைமேல் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன். கூப்பிட்டால் என் குரல் எனக்கே கேளாத இரைச்சல். எவ்வளவு நேரம் இருக்க நேருமோ என்று அஞ்சிக் கட்டுச்சோற்றில் பாதியை மட்டும் உண்டேன். பாறையடியில் ஒரு வெடிப்பினை அடையாளமாகக் கொண்டு நீரின் அளவை நோக்கியவாறு இருந்தேன். வெடிப்பு வெளிப்பட்டது, பின் அதன்கீழ் ஒரு சாண் ஈரம் தெரிந்தது. நீர் தெளியத் தொடங்கியபின், கழியால் ஆழம் பார்த்து, இடுப்பளவு நீரில் அடி அடியாகக் கடந்தேன்.

அதற்கப்பால் செங்குத்தான ஏற்றம். நனைந்த போர்வை கருங்கல்லாய்க் கனத்தது. இருபது அடி ஏறுவதும், மரத்தைப் பற்றி நிற்பதுமாகப் பொழுது சாய்ந்தது. இருள் கவியும் வேளையில் நாய் குரைக்கும் ஒலி கேட்டது. பெரும்புலவர் எவர் பாட்டும் அத்துணை இனிமையாய் என் செவியில் வீழ்ந்ததில்லை.

மலைவாழ் முதியவர் ஒருவர் தம் குடிசைத் திண்ணையில் இடம் தந்து, கேழ்வரகுக் களியும் பலாச்சுளையும் முன்வைத்தார்.

"எந்த ஊர் சாமி?"

"பண்ருட்டி, பெரியவரே."

"அங்கே பலா உண்டா?"

"உண்டு" என்றேன். நான்காம் சுளை வாயில் இருந்தமையால் எம்மூர்ப் பலாவின் பெருமையை மேலும் விரிக்க இயலவில்லை.

மறுநாட்காலை அறப்பள்ளி இறைவன் திருமுன் சென்றேன். முழங்கால் மடங்கவில்லை; ஆதலால் நின்றபடியே வணங்கினேன்.