கொழுந்து லொறி வீடாகிறது

மலையகத் தெருக்களில் பயணம் செய்தவர்களுக்கு மூக்கில்லாத லொறியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எஞ்சினுக்கு மேலேயே சாரதியின் ஆசனம். அதற்கு முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் தெரு. ஜப்பானில் 1959இல் வெளிவந்த இசுசு எல்ஃப், 1963இல் வெளிவந்த மிட்சுபிஷி கன்டர் ஆகியவற்றின் வழிவந்தவை இவை. முன்புறம் நீளாததால் பின்பெட்டிக்கு இடம் அதிகம். குறுகிய வளைவுகளிலும் எளிதில் திரும்பும். தோட்டங்கள் இவற்றை விரும்பியதற்கு இவையே காரணம்.

அதே காரணங்களுக்காக உலகின் வேறு பகுதிகளில் இவை வீடுகளாகவும் மாறுகின்றன. அவுஸ்திரேலியாவில் நான்கு சில்லுகளும் இயங்கும் கன்டர் லொறியின் மீது படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அமைத்துப் பாலைவனங்களைக் கடக்கிறார்கள். ஜெர்மனியில் இராணுவமும் தீயணைப்புப் படையும் கழித்துவிட்ட லொறிகளை வாங்கி, ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பயண வீடாக்குவோர் பலர்.

அந்த ஆசை இப்போது ஹட்டனுக்கும் வந்துவிட்டது. என் நண்பர் ஒருவர் மத்திய கிழக்கில் நெடுங்காலம் கனரக வாகனம் ஓட்டியவர். ஊர் திரும்பியதும், தோட்டமொன்றில் கொழுந்து ஏற்றி ஓய்ந்த பழைய எல்ஃப் ஒன்றை வாங்கினார். மலிவாக வாங்கினார் என்று எண்ண வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டில் துருப்பிடித்த இரும்புக்கும் மதிப்பு ஏறிவிட்டது.

வேலை நடக்கும் கராஜுக்குப் பலமுறை சென்றேன். கொழுந்து லொறியின் பெட்டி, காற்று உள்ளே புகுந்து வெளியேறுவதற்காகவே கட்டப்படுவது. பறித்த கொழுந்து நெருக்குண்டு சூடேறினால் தொழிற்சாலையை அடையுமுன்பே கெட்டுவிடும். ஆகவே பலகைகளுக்கு இடையில் இடைவெளி விடுவார்கள். நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,868 மீற்றர். தை மாத இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். அங்கே மனிதர் உறங்க வேண்டுமானால் அந்த இடைவெளிகளையெல்லாம் அடைத்து, உட்புறம் ரெஜிபோம் வைத்து, அதன்மேல் பிளைவுட் பதிக்க வேண்டும். கொழுந்து சுவாசிப்பதற்காகத் திறந்து வைத்ததை மனிதனுக்காக மூடுகிறார்கள்.

கடினமான பகுதி அதுவன்று. மேடுபள்ளத்தில் ஒரு சில்லு உயர்ந்தால் லொறியின் செசி, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகும். பெட்டியை அதன்மேல் இறுக்கிப் பூட்டினால் மூலைகள் வெடித்து மழைநீர் புகும். எனவே தனியொரு இரும்புச் சட்டத்தின் மீது பெட்டியை அமர்த்தி, ஒரு முனையை இறுக்கி, மறுமுனையைச் சுருள்வில்களின் மேல் விடுகிறார்கள். செசி முறுகினாலும் பெட்டி நேராக நிற்கும். இருநூறு லீற்றர் தண்ணீர் என்றால் இருநூறு கிலோ பாரம். அதை உயரத்தில் வைத்தால் வளைவுகளில் வண்டி சாயும். ஆகவே தாங்கி, செசிக்கு இடையே தாழ்வாகப் போகிறது. முன்கூண்டைக் கவிழ்த்து எஞ்சினைப் பார்க்க வேண்டியிருப்பதால், கூண்டின் மேல் படுக்கை நீட்ட முடியாது. பெட்டியின் தன்மை மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் பெற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. வீட்டைச் சுமந்து இறங்கும் லொறியை பிரேக்கை மட்டும் நம்பி ஓட்ட முடியாது; தாழ்ந்த கியரில் எஞ்சினே அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

வேலை பாதி முடிந்த நிலையில் பெட்டியின் உட்புறத்தை அளந்து பார்த்தேன். நீளம் பதினான்கு அடி, அகலம் ஆறு அடி. எண்பத்து நான்கு சதுர அடி. நண்பரும் மனைவியும் இரண்டு வாரம் தங்குவதற்கு இது தாராளம் என்றார்கள். அப்போதுதான் லயக் காம்பராவின் கணக்கு நினைவுக்கு வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, நூற்றிருபது சதுர அடி. அதில் மூன்று தலைமுறையினர் சேர்ந்து உறங்கிய வீடுகளை நான் அறிவேன். வெல்டிங் வேலை செய்த இளைஞனும் அப்படியொரு காம்பராவிலிருந்துதான் தினமும் வேலைக்கு வருகிறான். மடிக்கும் கட்டிலையும் சுவரோடு சாயும் மேசையையும் அவன் யாரிடமும் கற்கவில்லை. சிறிய இடத்தில் வாழும் கலை அவன் வீட்டுச் சொத்து.

லொறியின் மேல் வீடு ஏறுவது இம்மலைகளுக்குப் புதிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சிறுவயதில் கொழுந்து லொறியில் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டி, அம்மிக்கல், சுருட்டிய பாய், அவற்றின் மேல் ஒரு பாட்டி. லொறி புகையிரத நிலையம் வரை, அங்கிருந்து தலைமன்னார், பின்பு கப்பல். அவர்களில் யாரும் விரும்பி ஏறிய பயணிகளல்லர். நோயாளியையும் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் பல தோட்டங்களில் இதே லொறிதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சில்லு பூட்டிய வீட்டின் உண்மையான பெறுமதி அன்றுதான் எனக்கு விளங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பயண வீட்டுக்காரர் சாவியைத் திருப்பி இறங்கிவிடலாம். லயத்தில் இருப்பவரும் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடுவார். மழை விட்டதும் அதே சரிவுக்குத்தான் திரும்ப வேண்டும். அவருக்கு வேறு நிலம் இல்லை. இந்திய உதவியுடன் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுந்தன; 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஆயினும் இருநூறு ஆண்டுகளைக் கடந்த பின்னும் லயங்கள் காலியாகவில்லை.

இதனால் நண்பரின் ஆசையைக் குறை கூறுகிறேன் என்று கொள்ளக்கூடாது. உழைத்துச் சேர்த்த பணத்தில் தான் பிறந்த மலைகளைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறார். தோட்டத்தில் பிறந்த ஒருவர் இன்பத்துக்காகப் பயணம் போவதே எனக்கு மகிழ்ச்சியான செய்தி.

விடுமுறையில் ஊர் வரும் வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய வண்டியில் நீங்களும் வரலாம். அதை லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் நிறுத்தாதீர்கள். கழிவுநீரை ஓடையில் விடாதீர்கள், கீழேயுள்ள பீலியில் அதே நீரைத்தான் பிடிக்கிறார்கள். பழுதுபார்க்கும் வேலையை எங்கள் சிறிய நகரங்களின் பையன்களிடமே கொடுங்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.