ஸ்மெதிக்: இன்றைக்கு அடுப்படியில் யார்?

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் ரயிலேறினால் பத்து நிமிடத்தில் ஸ்மெதிக் கால்ட்டன் பிரிட்ஜ் வந்துவிடும். மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை என்று இரண்டடுக்கு நிலையம். இறங்குகிறவர்களில் பலர் ரயில் மாறத்தான் இறங்குகிறார்கள். படியேறி ஊருக்குள் வருகிற வெளியூர்க்காரர்கள் குறைவு. அவர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில், காலி வயிற்றோடு வருவார்கள். விவரம் தெரிந்தவர்கள்.

நிர்வாக வரலாறு ஒரு வரிக்கு மேல் தாங்காது: 1899இல் நகராட்சி, 1966இல் வார்லியோடு இணைப்பு, 1974 முதல் சாண்ட்வெல் பெருநகராட்சியின் ஒரு மூலை.

தொழில் வரலாறு அப்படியல்ல. படகுகளை மேடேற்றி இறக்கும் மதகுகளில் வழிந்தோடிய கால்வாய்த் தண்ணீரை மறுபடி மேலே இறைக்க, 1779இல் இங்கே ஒரு போல்டன்-வாட் நீராவி எந்திரம் நிறுவப்பட்டது. இன்றும் இயங்கக்கூடிய நீராவி எந்திரங்களில் உலகிலேயே மூத்தது அதுதான். இப்போது பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1829இல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டிய கால்ட்டன் பாலம் 150 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. 1851இல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸின் கண்ணாடி, சான்ஸ் பிரதர்ஸ் என்ற ஸ்மெதிக் ஆலையில் உருவானது. கலங்கரை விளக்கங்களுக்கான கண்ணாடிகளும் அங்கிருந்து உலகமெங்கும் கப்பலேறின. அந்த ஆலை 1981இல் மூடப்பட்டது. கேப் ஹில்லில் 1879இல் ஹென்றி மிட்செல் தொடங்கிய பீர் ஆலை, மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் என்று வளர்ந்து, 2002இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள்.

மிஞ்சியவை பப்புகள்.

ஊரில் இருந்த இரும்பு வார்ப்படச் சாலைகளுக்கு 1950களில் ஆள் பஞ்சம். ஜலந்தர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சாபி இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து பேர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன படுக்கையில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். உருகிய இரும்பின் முன்னால் நாள் முழுக்க நின்றவருக்கு மாலையில் உட்கார ஓர் இடம் வேண்டும், தொண்டை நனைய ஒரு பைண்ட் பீர் வேண்டும். இரண்டும் கிடைக்கும் இடம் பப். ஆனால் பல பப்புகளில் ‘பார்’ எனப்படும் சாதாரணப் பக்கம்தான் அவர்களுக்கு. மெத்தை போட்ட ‘ஸ்மோக் ரூம்’ வெள்ளையருக்கு. சில இடங்களில் பப்பின் வாசற்படியையே தாண்ட முடியாது.

1964 பொதுத்தேர்தலில், தொழிற்கட்சியின் நிழல் வெளியுறவு அமைச்சராக இருந்த பேட்ரிக் கார்டன் வாக்கரை, குடியேறிகளுக்கு எதிரான பிரசாரத்தின் பலத்தில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் ஸ்மெதிக்கில் தோற்கடித்தார். நாடே திரும்பிப் பார்த்தது, பெருமையாக அல்ல. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் தர வேண்டுமென்று கோரிக்கை எழுந்த நேரம் அது. 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் நடந்தார். அழைத்து வந்தது இந்தியத் தொழிலாளர் சங்கம். அதன் தலைவர்களில் ஒருவரான அவ்தார் சிங் ஜோல், பஞ்சாபின் ஜண்டியாலாவிலிருந்து 1958இல் வந்து வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தவர். அவர் விருந்தாளியை ஹை ஸ்ட்ரீட்டிலிருந்த ‘புளூ கேட்ஸ்’ பப்புக்குக் கூட்டிப்போனார். ஸ்மோக் ரூமில் பரிமாற மறுத்து, பார்ப் பக்கம் போகச் சொன்னார்கள் என்று ஜோல் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒன்பதே நாளில் மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் வந்து, பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது.

சட்டம் வாசலைத் திறந்தது. உள்ளே அடுப்பை மூட்டியது வேலையிழப்பு. 1980களில் வார்ப்படச் சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது, கையில் கிடைத்த நஷ்டஈட்டுத் தொகையைப் போட்டுச் சிலர் பப்பைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒரு காலத்தில் ஓரப் பக்கத்தில் நின்று குடித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கல்லாவில் உட்கார்ந்தார்கள். பீரோடு கொறிக்க அதுவரை இருந்தவை பொரித்த பன்றித்தோலும், சீஸும் வெங்காயமும் வைத்த பன்னும்தான். புதியவர்கள் கரியைக் கொண்டுவந்தார்கள். ‘தேசி பப்’ என்ற வகை உருவானது. ஸ்மெதிக்கிலும் பக்கத்து வெஸ்ட் பிராம்விச்சிலும் அதன் வேர் ஆழமாக இருக்கிறது. பத்திரிகையாளர் டேவிட் ஜேசுதாசன் 2023இல் இந்த பப்புகளுக்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார்.

இந்த பப்புச் சாப்பாட்டின் ராஜா ‘மிக்ஸ்டு கிரில்’. காயவைத்த இரும்புத் தட்டில் வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் கோழி இறக்கை, மட்டன் சாப்ஸ், சீக் கபாப், சிக்கன் டிக்கா என்று குவித்து, எலுமிச்சை பிழிந்து, சீறிக்கொண்டிருக்கும்போதே மேசைக்குக் கொண்டுவருவார்கள். புகை மேசை மேசையாக நகரும்; அந்த வாசனைக்கு அடுத்த மேசையும் அதையே கேட்கும். விளம்பரச் செலவு இல்லாத வியாபாரம். கூடவே புதினாச் சட்னி, நான், ஓமம் போட்ட கடலைமாவில் தோய்த்துப் பொரித்த மீன் பகோடா. சாப்ஸ் கரியில் வெந்திருந்தால் எலும்பு ஓரத்துக் கொழுப்பு கருகி மொறுமொறுக்கும், உள்ளே சாறு நிற்கும். அந்த ஓரத்தைக் கடிக்கத்தான் ஆட்கள் காரோட்டி வருகிறார்கள்.

எல்லா நாளும் இது கிடைக்காது. ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள விரும்பாத விஷயம் இது. வெள்ளி, சனி இரவுகளில் தேவாமிர்தம். செவ்வாயன்று அதே பப்பில், அதே மேசையில், அதே விலைக்கு வருகிற கோழி இறக்கை செருப்புத்தோல். ஒரு நாள் உப்புக் கரிக்கும், இன்னொரு நாள் உப்பே இருக்காது. ஐந்து நிமிடத்தில் வந்த பகோடா அடுத்த வாரம் முக்கால் மணி நேரமாகும்.

காரணம் இல்லாமலில்லை. பல பப்புகளில் பார் ஒருவருடையது, அடுப்படி வேறொருவருடையது. பீருக்கு இந்தக் கவுண்டரில் பணம், சாப்பாட்டுக்கு அந்த ஜன்னலில் பணம். அடுப்படியைக் குத்தகைக்கு எடுத்தவர் மாறினால் மசாலாவே மாறிப்போகும். வெளியே தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் மாறாது. குளிர்காலத்தில் சமையல்காரர் கல்யாணத்துக்கு பஞ்சாப் போய்விட்டால், மச்சினரோ மருமகனோ கரண்டியைப் பிடிப்பார். செய்முறை எதுவும் எழுத்தில் இல்லை, எல்லாம் கைப்பக்குவம். போதாததற்குக் கால்பந்து. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் ஹாதார்ன்ஸ் மைதானம் ஊர் எல்லையில் இருக்கிறது. ஆட்ட நாளில் நீலமும் வெள்ளையும் கோடுபோட்ட சட்டைகள் அலையாகப் புகுந்து கரி அடுப்பைக் காலிசெய்துவிடும். அன்றைக்குக் கிடைக்கும் சாப்ஸ் பாதி வேக்காடு. அதையும் சிரித்துக்கொண்டே தின்கிறார்கள்; அணி தோற்றிருந்தால் மட்டும் தட்டு திரும்பிப் போகும்.

இந்தச் சீரின்மையை யாரும் பெரிதுபண்ணாததற்கு அந்த இடத்தின் சுபாவமும் காரணம். மேசை முன்பதிவு கிடையாது, சீருடைப் பணியாளர் கிடையாது. ஒரு மூலைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட், இன்னொன்றில் கால்பந்து. ஓய்வுபெற்ற வார்ப்படத் தொழிலாளிகள் பஞ்சாபியில் சீட்டாட, பக்கத்தில் அதே வார்ப்படச் சாலையில் வேலை பார்த்த வெள்ளைக்காரக் கிழவர் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பந்தயச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தலைமுறைக்கு முன் பெண்கள் எட்டிப்பார்க்காத இடத்தில் இன்று ஞாயிறு மதியம் பாட்டி, பேத்தி சகிதம் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெஸ்ட் பிராம்விச்சின் ‘ரெட் லயன்’ பப்பில் இந்த வரலாற்றையே வண்ணக் கண்ணாடிச் சன்னலாகச் செய்து பதித்திருக்கிறார்கள்.

இன்றைய நிலவரத்தைச் சொன்னால் வயிற்றெரிச்சல். கரி போய் கேஸ் வருகிறது. சுத்தம் என்கிறார்கள், இருக்கலாம், ருசி போய்விட்டது. உறைந்த இறக்கையைச் சிவப்புப் பொடியில் புரட்டி அதற்குத் தந்தூரி என்று பெயர் வைக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்தவர் காத்திருக்க, வீடுகளுக்குக் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரரின் பைக்குள் முதலில் போகிறது சாப்பாடு. ஒருமுறை இப்படி நெடுநேரம் காத்திருந்தவர் ஜன்னலில் போய்க் கேட்டதற்கு, “உங்களுக்கு என்ன, உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்” என்று பதில் வந்தது. வாடகை, மின்சாரம், ஆட்டிறைச்சி மூன்றும் ஏறிவிட்டன என்பது உண்மைதான். அதற்காகத் தட்டில் இறைச்சி குறைந்து வெங்காயம் கூடுவதை எத்தனை நாள் பொறுப்பது?

பப்புகள் மூடிக் குடியிருப்பாகின்றன. 2023 ஆகஸ்டில் ஹிம்லி கிராமத்தில் ‘குரூக்டு ஹவுஸ்’ என்ற சாய்ந்த பப் எரிந்து இடிக்கப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் அழுதன, உள்ளூர்க் கவுன்சில் திரும்பக் கட்டச்சொல்லி ஆணையிட்டது. ஸ்மெதிக்கின் தெருமுனை பப் மூடினால் பலகை அடிக்கிற சத்தத்தோடு கதை முடிந்துவிடுகிறது. 1933இல் கட்டி, 1962இல் பீட்டில்ஸ் பாடிய ஊர் நீச்சல் குளத்தையும் 2023இல் மூடியாகிவிட்டது. 2018இல் திறப்பதாகச் சொன்ன மருத்துவமனை, கட்டிய நிறுவனம் திவாலாகி, 2024 அக்டோபரில்தான் திறந்தது. கொடுப்பதற்கு அத்தனை வருடம் எடுக்கும் அதிகாரிகள் பறிப்பதற்கு மட்டும் நாள் குறித்து வருகிறார்கள். விழா மேடைகளில் தேசி பப் நம் பண்பாட்டுச் சொத்து என்று பேசிய கையோடு, உரிமக் கட்டணத்துக்கும் வரிக்கும் நோட்டீஸ் அனுப்புகிறார்கள்.

பப்காரர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. சமையல்காரர் ஊரில் இல்லாத நாளிலும், கரி மூட்டாத நாளிலும் வாசல் கரும்பலகையில் அதை எழுதிப்போடுங்கள். இன்றைய கால்பந்து ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அவ்வளவு பெரிதாக எழுதத் தெரிகிறதே.