செலொப்பியாத்தின் மகள்கள் பாடத்தில் இல்லை

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை என் பள்ளி நாள் வேதப்பாடத்தோடுதான் தொடங்கும். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. பெண்கள் பள்ளி. காலை ஜெபம் முடிந்து முதல் பீரியட் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு நீதிபோதனை வகுப்புக்குப் போவார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும் அவர்கள் சம்மதமில்லாமல், சிறுபிள்ளை என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல், மதபோதனைக்கு உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், என் சிநேகிதி பக்கத்து அறையில் திருக்குறள் கதை கேட்கிறாள், நான் இங்கே பிலேயாமின் கழுதை பேசிய கதையைக் கேட்கிறேன், இடைவேளையில் இரண்டையும் மாற்றிக்கொள்வோம் என்பதுதான்.

வேதப்பாடத்தில் நான் கெட்டிக்காரி. அறுபத்தாறு ஆகமங்களின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வேன். டீச்சர் ஒரு அதிகாரத்தையும் வசனத்தையும் சொன்னால், அதை முதலில் எடுத்து எழுந்து நின்று வாசிப்பவளுக்கு ஒரு மதிப்பெண். பெரும்பாலும் எழுவது நானாகத்தான் இருக்கும். வருஷாவருஷம் வேதாகமத் தேர்வு எழுதி, சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ், சுவரில் மாட்டுகிற வசன அட்டை என்று பரிசு வாங்கிக்கொண்டு வருவேன். என் அம்மா அவற்றை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அலமாரியில் அடுக்கி வைப்பாள்.

எட்டாம் வகுப்பில் நியாயாதிபதிகள் ஆகமம் நடந்தது. யெப்தா போருக்குப் போகிறான். ஜெயித்துத் திரும்பினால் வீட்டு வாசலிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைக் கர்த்தருக்குத் தகன பலியாகக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்கிறான். ஜெயித்துத் திரும்புகிறான். எதிரே தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வருவது அவனுடைய ஒரே மகள். டீச்சர் கரும்பலகையில் பாடத்தின் கருத்தை எழுதினார்கள்: பொருத்தனையை யோசித்துப் பண்ண வேண்டும், பண்ணினால் நிறைவேற்ற வேண்டும். நாங்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து விடுதிப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், அவ பேரு என்ன டீச்சர்?"

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார்கள். "பேரு வேதத்துல இல்ல. உக்காரு."

அந்தப் பிள்ளை உட்கார்ந்தாள். எனக்கு அந்தக் கேள்வி வராதது வெட்கமாக இருந்தது. அவளைப் போன்ற விடுதிப் பிள்ளைகள் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள். ஆனால் எங்கள் ஊரில் அவள் சாதிக்காரர்கள் இருந்த தெரு வேறு. கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கான மூலையும் வேறு. பெயர் விட்டுப்போனால் அதைக் கவனிக்கிற கண் அவளுக்கு இருந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் நீதிமொழிகள் கடைசி அதிகாரம் மனப்பாடம். குணசாலியான ஸ்திரீ. இருட்டோடு எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு கொடுக்கிறவள், ராத்திரியிலும் விளக்கை அணைக்காதவள். கல்யாண ஆராதனை எதற்குப் போனாலும் ஐயர் பிரசங்கத்தில் அவளைக் கூப்பிடாமல் விடுவதில்லை. ஆனால் அதே அதிகாரத்தில் அவள் ஒரு வயலைப் பார்த்து வாங்குகிறாள். தன் கையால் சம்பாதித்ததைப் போட்டுத் திராட்சைத் தோட்டம் வைக்கிறாள். அந்த வசனத்தையும் நான் ஒப்பித்தேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒரு பெண் தன் பெயரில் நிலம் வாங்குகிறாள் என்று அதற்கு அர்த்தம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. நிலம் வாங்கிய பெண் ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. கைவிட்டுக் கொடுத்த பெண்களைத்தான் பார்த்திருந்தேன்.

முதலாவது என் அம்மா. தாத்தா இறந்த வருஷம் மாமாக்கள் இரண்டு பேரும் வாடகைக் காரில் வந்து அம்மாவையும் சித்தியையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்று நானும் கூடப் போனேன். அம்மா விரலில் மை ஒட்டியிருந்தது. திரும்பும்போது ஓட்டலில் பூரிக்கிழங்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு சேலையும் ஐந்நூறு ரூபாயும். அந்தத் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். வேதப்பாடத்தில் விடுதலை என்றால் எகிப்திலிருந்து வெளியே வருவது. அம்மா எதிலிருந்து விடுதலையானாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது. சட்டப்படி அவளுக்குப் பங்கு உண்டு என்பதே வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை 1989-இல்தான் வந்தது. ஆனால் எங்களுக்குப் பொருந்துகிற இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ஆம் வருஷத்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்று அதில் பேதம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி சிரியன் கிறிஸ்தவ வீட்டு மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை போய் 1986-இல் அதை உடைத்தார். அந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பில் ஆகமங்களின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சட்டம் இல்லாத இடத்தில் ஒருத்தி சண்டை போட்டு வாங்கினாள். சட்டம் இருந்த இடத்தில் நாங்கள் பூரிக்கிழங்கு சாப்பிட்டுவிட்டு எழுதிக் கொடுத்தோம்.

2011-இல் என் அப்பா இறந்தார். உயில் இல்லை. ஒரு ஏக்கர் இருபது சென்ட் வாழைத்தோட்டமும் ஒரு வீடும். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுவாரம் அண்ணன் ஒரு தாளோடு வந்தான். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்: அம்மா, அண்ணன், நான். அம்மாவும் நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"உனக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சே. இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றான்.

இரண்டு நாள் டைம் கேட்டேன். அந்த இரண்டு ராத்திரியும் தூக்கம் வரவில்லை. பழைய பழக்கத்தில் பைபிளை எடுத்து அங்கும் இங்கும் புரட்டினேன். தேடிப்போனேன் என்று சொன்னால் பொய். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது.

செலொப்பியாத் என்று ஒருவன் வனாந்தரத்தில் இறந்துபோகிறான். அவனுக்கு மகன் இல்லை. ஐந்து மகள்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். அவர்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை. வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். பெண்கள் கேட்டது சரி என்று தீர்ப்பு வருகிறது. சட்டம் மாறுகிறது.

ஐந்து வருஷம் பரிசு வாங்கியவள் நான். இந்தக் கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை. எண்ணாகமத்தில் எங்களுக்கு வேவுகாரர் பன்னிரண்டு பேர் உண்டு, வெண்கல சர்ப்பம் உண்டு, கழுதை உண்டு. கழுதை பேசியது பாடத்தில் இருந்தது. ஐந்து பெண்கள் பேசியது இல்லை. யெப்தாவின் மகளுக்குப் பெயர் இல்லை என்றால், இவர்களுடைய ஐந்து பெயரும் வேதத்தில் நான்கு இடங்களில் முழுதாக வருகின்றன. யோசுவாவின் காலத்திலும் திரும்பப் போய், சொன்ன நிலம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

காலையில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா எட்டாம் வகுப்பு. ஆனால் ஆண்டுதோறும் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல்வரை ஒரு சுற்று முடிக்கிறவள்.

"அது அண்ணந்தம்பி இல்லாத பிள்ளைகளுக்குல்லாட்டி சொல்லிருக்கு?" என்றாள்.

அவள் சொன்னது சரி. மகன் இருந்தால் மகனுக்குத்தான், இல்லாவிட்டால் மகளுக்கு என்பதே அந்தத் தீர்ப்பு. அதோடு முடியவுமில்லை. 36-ஆம் அதிகாரத்தில் அந்தக் கோத்திரத்து ஆண்கள் வருகிறார்கள். இவர்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலம் வெளியே போய்விடுமே என்கிறார்கள். எங்கள் மாமாக்கள் சொன்ன அதே காரணம். கடைசியில் ஐந்து பேரும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள் என்று முடிகிறது. யோபுவின் கடைசி அதிகாரத்தில் அவர் தன் மூன்று மகள்களுக்கும் சகோதரர்களோடு சேர்த்தே பங்கு கொடுக்கிறார் என்று அம்மாவுக்கு எடுத்துக் காட்டினேன். அங்கே மகள்களுக்குப் பெயர் இருக்கிறது, மகன்களுக்கு இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். ஆனால் வசனத்துக்கு வசனம் போட்டு இதை ஜெயிக்க முடியாது என்று எனக்கே புரிந்தது. எனக்கு உரிமை தருவது 1925-ஆம் வருஷத்துச் சட்டம். மக்லாளும் அவள் தங்கைகளும் எனக்குத் தந்தது வேறு: எல்லோர் முன்னாலும் போய் நின்று கேட்பது பாவமில்லை என்கிற தைரியம். வேதப்பாடம் பயமுறுத்தி வளர்த்த பெண்ணுக்கு அந்தத் தைரியம் வேதத்திலிருந்தே வர வேண்டியிருந்தது.

அண்ணனிடம், கையெழுத்துப் போட மாட்டேன், பாகப்பிரிவினை செய்துகொள்வோம் என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ போடாம நானும் போடல" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. எதற்காக அப்படிச் சொன்னாள் என்று நானும் கேட்கவில்லை. பூரிக்கிழங்கு அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

ஆளுக்கு நாற்பது சென்ட் பிரிந்தது. வீட்டை அம்மா இருக்கும்வரை தொடுவதில்லை என்று பேச்சு. அண்ணன் மூன்று கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரத்தை வாங்கவில்லை. அசனப் பண்டிகையில் அண்ணி என் வரிசையில் உட்காராமல் எழுந்து போனாள். சொத்துக்காகக் கூடப்பிறந்தவனைப் பகைத்தவள் என்று சபையில் பேச்சு வந்தது. இதெல்லாம் வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

அந்த நாட்களில்தான் ஒரு கல்யாண வீட்டில் என் வேதப்பாட டீச்சரைப் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். சம்பளத்தில் தம்பிமார் பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வுபெற்றபின் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "டீச்சர், எண்ணாகமம் 27-ஐ ஏன் எங்களுக்கு நடத்தல?"

"சிலபஸ்ல இல்லம்மா" என்றார்கள். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தெரியாம இல்ல. வருஷம் ஒரு தடவ வாசிக்கத்தான் செய்றேன். நானும் கையெழுத்துப் போட்டவதான். அத உங்களுக்கு எந்த முகத்த வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?"

அதுவரை டீச்சர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதைச் சொல்லித்தருவது என்று முடிவு செய்தவர்கள் வேறு யாரோ. வகுப்பில் நின்றதெல்லாம் அவர்களைப் போன்ற பெண்கள். ஆனால் ஒன்றுக்கு நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். புத்தகத்தைத் திறந்து, அதிகாரத்தைக் கண்டுபிடித்து, வாய்விட்டு வாசிக்க எனக்குச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள்தான். பண்டித ரமாபாய் எபிரெயமும் கிரேக்கமும் படித்து, சாதாரணப் பெண்களுக்குப் புரிகிற மராத்தியில் முழு வேதாகமத்தையும் தானே மொழிபெயர்த்தார். 1922-இல் இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். அவர் அளவுக்கு நமக்கு வராது. பாடத்தில் இல்லாத பக்கத்தைப் புரட்டுவதற்கு எட்டாம் வகுப்புப் படிப்பே போதும். என் அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன வருஷம் பெரிய பிள்ளைகளுக்கு எண்ணாகமம் 27-ஐ நடத்தினேன். ஐந்து பெயரையும் பலகையில் எழுதி, சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"ஆன்ட்டி, அவங்க அம்மா பேரு என்ன?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். வேதத்தில் இல்லை. அவளை உட்காரச் சொல்லாமல், பெயர் இல்லாதவர்கள் இன்னும் யாரெல்லாம் என்று தேடிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.