தடைக்காலப் படகில்

ஏப்ரல் 15

நள்ளிரவோடு தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகளுக்குக் கடல் கிடையாது. மீன் சினைப்பிடித்துக் குஞ்சு பொரிக்கும் பருவம் என்று 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாளாகியிருக்கிறது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரை நெடுகப் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் படகு நான்காவது வரிசை. கரை இறங்க மூன்று படகுகளின் தளத்தைத் தாண்ட வேண்டும். மூன்றிலும் யாராவது சோறு பொங்கிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் பாயில் படுத்திருப்பார்கள். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டுகிறோம்.

படகு என் தங்கை வீட்டுக்காரருடையது. “பள்ளிக்கூடம் விட்டதும் வந்துடுங்க மச்சான், காவலுக்குக் காவலும் ஆச்சு, உங்களுக்கு எழுதறதுக்கு இடமும் ஆச்சு” என்றார். இந்தக் கோடை இங்கேதான்.

ஏப்ரல் 23

நிற்கிற படகுக்கு ஆள் எதற்கு என்று கரையில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். ஓடுகிற படகைவிட நிற்கிற படகுக்குத்தான் ஆள் வேண்டும். மரப்படகு. வெயிலில் தளம் காய்ந்தால் பலகை சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். அதனால் காலையும் மாலையும் ஆற்று நீரை வாளியால் மொண்டு தளம் முழுக்க ஊற்றுகிறோம். அடியில் கசிந்து சேரும் தண்ணீரை நாள்தோறும் பம்பு வைத்து இறைக்க வேண்டும். பேட்டரி இறங்காமலிருக்க அவ்வப்போது எஞ்சினை ஓடவிட வேண்டும். ஓதம் ஏறும்போது கயிறு விறைக்கும், வற்றும்போது தொய்யும். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், பக்கத்துப் படகில் இடித்து விலா உடைய அது போதும். இரவில் இரண்டு முறையாவது எழுந்து கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். நடுராத்திரியில் பக்கத்துப் படகுகளிலும் ஆள் எழுந்து நடமாடும் சத்தம் கேட்கும். இது தூங்காத குடியிருப்பு.

மே 6

கத்திரி. கேபின் தகரம் பகலில் தொட்டால் சுடுகிறது. பிற்பகலில் கடல்காற்று வரும்வரை வலைக்குவியலின் நிழலில் எல்லாரும் ஒண்டிக்கிடக்கிறோம். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற நாளில் அந்தக் கடல்காற்றும் மாலைவரை எட்டிப்பார்ப்பதில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அந்தப் படகுக்காரர்கள் கொண்டுவரும் மத்தியும் காரப்பொடியும் காலையிலேயே கிடைத்துவிடும். எங்கள் படகின் சமையற்காரரான பண்டாரி வைக்கும் மத்திக் குழம்பு மறுநாள் காலைப் பழைய சோற்றுக்குத்தான் உண்மையில் ருசிக்கும். வேறென்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: நல்ல தண்ணீர். நாலாபக்கமும் தண்ணீர், அத்தனையும் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் வாங்கி, மூன்று படகு தாண்டித் தோளில் சுமந்து வருகிறோம். குளியல் என்பது உப்புநீரில் முங்கிவிட்டு ஒரு செம்பு நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்வது. மற்ற தேவைகளுக்கு விடியுமுன் இருட்டில் ஒதுங்க வேண்டியிருக்கிறது. இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விடக் கூடாது. ஆண்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். கரையில் மீன் தரம்பிரிக்கும், கருவாடு காயவைக்கும் பெண்கள் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மே 13

பண்டாரியின் மகள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்குப் பணம் கொடுத்துவிட்டு வர அவரோடு நானும் கிளம்பினேன். கடலூர் துறைமுகச் சந்திப்பில் ரயிலேறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, வெள்ளாற்றுப் பாலம், கிள்ளை, பிறகு சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா வளர்த்தெடுத்த இடம். இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் எப்படிக் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன என்று அங்கே பல தலைமுறை மாணவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கிள்ளைக்குக் கிழக்கே பிச்சாவரம், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் சுரபுன்னையும் கண்டலும் தில்லையும். சிதம்பரத்தைச் சூழ்ந்திருந்த தில்லைவனத்தின் மரங்களை இன்று பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

நடராஜர் கோயில் வாசலில் பண்டாரி சொன்னார்: “தேர் அன்னிக்கு வந்து பாருங்க சார். நம்ம ஆளுங்க சீர் கொண்டாந்து வைப்பாங்க. சாமி நமக்கு மருமவன் முறை.” பருவதராஜன் மகளாகப் பிறந்த அம்மனை மணந்ததால் நடராஜர் மீனவர் வீட்டு மாப்பிள்ளை. தில்லைத் தேர்த் திருவிழாவில் மீனவர்கள் அந்த உறவைப் பட்டும் பழமுமாக இன்றும் நடத்துகிறார்கள்.

திரும்பும்போது அவர் அதிகம் பேசவில்லை. விசைப்படகில் சம்பளம் கிடையாது, செலவு போக மிஞ்சுவதில் பங்குதான். படகு நின்றால் பங்கு இல்லை. தடைக்கால நிவாரணத்தைத் தமிழக அரசு 5,000-இலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது நல்ல காரியம். அதை 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய் வருகிறது. விடுதிக் கட்டணத்தை அதற்குள் எங்கே அடக்குவது?

மே 27

இரவு பேச்சு புயல் பக்கம் திரும்பியது. 2011 டிசம்பர் 30 விடியலில் ‘தானே’ புயல் கரையேறியபோது படகைக் காப்பாற்றப் படகிலேயே இருந்தவர்கள் இங்கே பலர். காற்று கயிற்றை அறுத்த கதையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி மட்டும் யாரும் நீட்டிப் பேசுவதில்லை. கடலூர் மாவட்டத்தில் அன்று அறுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. காட்டுக்கு வெளியே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் அழிந்தன.

ஜூன் 5

வேலை மும்முரம். அடிப்பலகையில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டியாயிற்று. இணைப்புகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிறார்கள். அந்த மணம் துறை முழுவதும் நிற்கிறது. அதிகாரிகள் படகுகளை ஆய்வு செய்துவிட்டுப் போனார்கள். எஞ்சின், பதிவெண் எல்லாம் பார்த்தார்கள். படகில் வாழ்கிறவர் எங்கே படுக்கிறார், எதைக் குடிக்கிறார் என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

குடிநீர்க் கவலை இங்கே புதிதில்லை. உப்பனாற்றின் முகத்துவாரத்துக்கு வெளியேதான் 1783 ஜூன் 20-ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்துவிட்டதை அறியாமல் நடந்த சண்டை. ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கக் காரணம் பீரங்கி மட்டும் இல்லை. அவருடைய கப்பல்களில் குடிநீர் தீர்ந்துகொண்டிருந்தது, ஸ்கர்வி நோயில் மாலுமிகள் கொத்துக்கொத்தாக விழுந்து கிடந்தார்கள். படகில் வாழ்பவனின் முதல் கேள்வி அன்றும் தண்ணீர்தான்.

ஜூன் 14

காலையிலிருந்து ஐஸ் உடைக்கும் சத்தம் ஓயவில்லை. டீசல் ஏறிவிட்டது. வலை ஏறிவிட்டது. நள்ளிரவில் கிளம்புகிறார்கள், நான் மாலையே இறங்கிவிடுவேன்.

இறங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். கொச்சி போல்காட்டியில் பாய்மரப் படகில் உலகம் சுற்றுவோருக்கென்று ஒரு மரீனா இருக்கிறது. படகைக் கட்டும் இடத்திலேயே குழாயும் மின் இணைப்பும் உண்டு. அது ஆடம்பரம் இல்லை, படகு வாழ்க்கையின் குறைந்தபட்சத் தேவை. மீன்பிடிப் படகில் படுக்குமிடமும் நல்ல உணவும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கையும் 2007-இலேயே சொல்லிவிட்டது. நம் மீன்பிடித் துறைமுகங்களுக்குக் கான்கிரீட் தளமும் ஏலக்கூடமும் கட்டத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அதே வரைபடத்தில் நூறடிக்கு ஒரு நல்ல தண்ணீர்க் குழாயையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, பூட்டிக் கிடக்காத கழிப்பறையையும், பகலில் படுக்க ஒரு கூரையையும் சேருங்கள். அடுத்த ஏப்ரல் 15-க்குள் இந்த மூன்றும் வந்தாக வேண்டும்.