மடிக்கணினி பூட் ஆகலையா? ஃபார்மேட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க!

மூங்கில்துறைப்பட்டு தெரியுமா? தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர். 2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரும்புதான். அங்கே ஒரு விவசாயி வீட்டுப் பையனின் மடிக்கணினி, புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி நீலத்திரை காட்டிவிட்டு நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறினால், கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "ஓஎஸ் போயிடுச்சு தம்பி, ஃபார்மேட் பண்ணிடலாம்."

தம்பியும் தலையாட்டிவிடுவான். ரிப்போர்ட் போச்சு, அதோடு அக்கா கல்யாண போட்டோவும் போச்சு.

உண்மையில் இயங்குதளம் வேறு, அதில் சேமித்த கோப்புகள் வேறு. வீட்டுப் பூட்டு கெட்டுப்போனால் உள்ளே இருக்கும் பீரோவையா கொளுத்துவார்கள்? பூட் ஆகாத கணினிகள் பலவற்றில் கோப்புகள் அப்படியே பத்திரமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்ப வருடங்களில் எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தது. (அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது!) கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் கம்மி. "எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு..." என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரில்லாமல் கிடக்கும் அந்தப் பகுதியை அழித்துவிடுவது வழக்கம். அழித்த அன்று ஒன்றும் ஆகாது. மறுமுறை ஆன் செய்யும்போதுதான் கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்து நிற்கும்.

காரணம் எளிது. எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கிற கிரப் என்ற சின்ன நிரலின் கோப்புகள் லினக்ஸ் பகுதிக்குள்தான் இருக்கும். அதை அழித்தால் வாசல்காரனைத் துரத்திய கதைதான். விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் அதற்குப் போகும் வழி போய்விட்டது. விண்டோஸ் 7 பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்-எம்பிஆர்' என்ற சேர்க்கையோடு கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஐந்து நிமிஷம்!

இன்னொரு வேடிக்கை... விண்டோஸ் படுத்துவிட்டால் அதே கணினியை எழுப்பி, சி டிரைவைத் திறந்து, ரிப்போர்ட்டைப் பென்டிரைவில் எடுத்துத் தந்திருக்கக்கூடியது அந்த பாஸ்தான். முதலுதவிப் பெட்டியை இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப் போட்டாயிற்று :)

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். திரையே வராமல் பீப் பீப் என்று கத்தினால் ராம் மேல் சந்தேகம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, அதன் தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து மாட்டுவது நம்மூர் வைத்தியம். பல நேரம் பலிக்கும். கம்பெனி பெயர் வந்த பிறகு வன்தட்டே இல்லை என்று சொன்னால் தட்டோ அதன் இணைப்போ காரணமாக இருக்கலாம். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் கோப்புகளுக்கு உலைதான்.

விண்டோஸ் சின்னம் வந்தபிறகு நீலத்திரை என்றால், பெரும்பாலும் ஏதாவது டிரைவர் அல்லது அப்டேட்டின் வேலை. திரையில் வரும் எண்ணைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு சேஃப் மோடில் நுழையுங்கள். விண்டோஸ் 7-ல் எஃப்8 போதும். விண்டோஸ் 10, 11-ல் தொடக்கம் இரண்டு மூன்று முறை தடைபட்டால் ரிப்பேர் திரை தானாகவே வரும்.

இது ஏதோ பழைய ஓட்டைக் கணினி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. பல கணினிகள் திரும்பத் திரும்பத் தொடங்கித் திரும்பத் திரும்பச் செத்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. யாரும் ஃபார்மேட் செய்யச் சொல்லவில்லை.

அன்று ஐடி ஆட்களை அலைய வைத்தது வேறொன்று. பல கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருந்ததால், சேஃப் மோடுக்குள் போவதற்கே 48 இலக்க மீட்பு எண் கேட்டது. இன்றைய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைக்குக் கொடுக்கும்போது "முதல்ல ஃபைலை எடுத்துக் கொடுத்துட்டு அப்புறம் கையை வைங்கண்ணே" என்று சொல்லவும் மறக்காதீர்கள்.