வந்திட்டினம்

போன வருஷம் ஒக்ரோபர் நடுவில் ஒரு நாள். விடிந்து ஆறு மணிகூட ஆகவில்லை. ரியூற்றரி ஒன்றின் காவலாளி ஐயா எங்களில் ஒருத்திக்குக் கோல் எடுத்தார். "பிள்ளை, படிக்கட்டில ஒரு கலர்க் குருவி விழுந்து கிடக்கு. கிளியோ என்னவோ தெரியேல்ல. பூனை வரமுதல் ஓடி வாங்கோ."

நாங்கள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, அதை ஒரு பிஸ்கட் பெட்டியால் மூடி மேலே செங்கல்லும் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். பெட்டியை ஒரு விரலளவு தூக்கிப் பார்த்தோம். பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, மண்ணிற வயிறு, வாலுக்குக் கீழே இரத்தச் சிவப்பு, கண்ணைக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரு கறுப்புப் பட்டி. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆறுமணிக்குருவி.

பெயரைச் சொன்னவுடன் ஐயாவுக்குச் சிரிப்பு. "உதோ அது? சத்தம் கேட்டிருக்கிறன், ஆளைக் கண்டதில்லை." எங்கள் வீடுகளிலும் அதே கதைதான். விடிய ஆறு மணியளவிலும் பின்னேரம் ஆறு மணியளவிலும் பற்றைக்குள் இருந்து இரண்டு தரம் விசில் அடிக்கும், அவ்வளவுதான். சிங்களத்தில் அதற்குப் பெயர் அவிச்சியா. தன்னுடைய வடிவான உடுப்பை மயில் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை என்று அது அழுகிறதாம். எங்களிடம் மணிக்கூடு, அவர்களிடம் முறைப்பாடு. ஒரே குருவிதான்.

அது இங்கே பிறந்ததில்லை. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கமுதல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். பகலில் நிலத்தில் சருகைக் கிளறித் திரிகிற குருவி, பயணத்தை மட்டும் இரவில் வைத்துக்கொள்ளும். இருட்டில் வருகிறதுக்கு எங்களுடைய வெளிச்சம் கண்ணைக் குழப்பும், கண்ணாடி உயிரை எடுக்கும். அந்த ரியூற்றரியின் முன்பக்கம் முழுக்கப் புதுக் கண்ணாடி. இரவு முழுக்க மாடியில் ரியூப் லைட் எரியும்.

அடிபட்ட குருவிக்குச் சனம் முதலில் செய்வது தண்ணீர் பருக்குவது. அது மூச்சுக்குழாய்க்குள் போனால் செத்துவிடும். காற்றுப் போக ஓட்டை போட்ட பெட்டி, இருட்டு, அமைதி, ஆள் தொடாமை, இவ்வளவும்தான் மருந்து. பின்னேரம் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டது. மரங்கள் அடர்ந்த ஒரு வளவில் திறந்துவிட்டோம். பறக்கவில்லை. நடந்துபோனது. பற்றையடியில் நின்று எங்களை ஒருக்கால் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அது எங்கள் ஆசையாகவும் இருக்கலாம்.

ரியூற்றரிப் பொறுப்பாளரிடம் லைட் கதையையும் சொல்லிப் பார்த்தோம். "நிப்பாட்டினா கள்ளர் வருவாங்கள் தம்பி." கடைசியில் கீழ் லைட் எரியட்டும், மேல்மாடி லைட்டை நவம்பர் முடியும்வரை அணைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். அணைக்கிற வேலையைக் காவலாளி ஐயா தானே எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலப் புத்தகங்கள் இதை இலையுதிர்கால வலசை என்கின்றன. எங்களுக்கு எங்கே இலையுதிர்காலம்? எங்களுக்குச் சோளகம் அடங்கும், இடையில் காற்றே இல்லாமல் அவியும், பிறகு வாடை எழும்பும். வலசை வருகிறதுகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்திலேயே பரவைக்கடல் ஓரத்தில் முதல் உள்ளான்கள் நிற்கும். செப்ரெம்பரில் பழுப்புக் கீச்சான் வேலியில் ஏறி நின்று ஊரையே ஏசும். ஒக்ரோபரில் ரவுனுக்குள் கரண்ட் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக இருக்கும், கீழே பஸ்சுக்கு நிற்கிற ஒருத்தரும் நிமிர்ந்து பாரார். மழை பெய்து உப்புத் தண்ணீர் கொஞ்சம் நல்ல தண்ணீராக, வாத்துகள் இறங்கும். பூநாரைகள் வந்தால் மட்டும் செய்தி.

கொசு உள்ளான் என்று ஒரு சின்னப் பிறவி இருக்கிறது. இருபத்தைந்து கிராம் வரும். சைபீரியாவின் வட அந்தத்தில் முட்டையிட்டுவிட்டு வந்து, மண்டைதீவுப் பக்கம் சேற்றில் தையல் மெஷின் மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கும். மூக்கன் இனங்கள் இன்னும் பெரிய ஆட்கள். 2022 ஒக்ரோபரில் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவில் இருந்து தஸ்மேனியாவரை 13,560 கிலோமீற்றரை 11 நாளில் எங்கேயும் இறங்காமல் பறந்தது. உடம்பில் பூட்டின கருவியால் அது பதிவானது. பறக்கமுதல் கொழுப்பை ஏற்றிக்கொண்டு குடலைச் சுருக்கிவிடுமாம். எங்கள் பக்கமும் ஒரு கதை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் ஜிபிஎஸ் பூட்டிவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போயின. மன்னாரில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மீன் தலைக்கு அடிபடுகிற அதே கடற்காகங்கள்தான்.

இதெல்லாம் பதிவானால்தான் தெரியும். லெக் என்ற வெள்ளைக்கார இராணுவ அதிகாரி இலங்கைப் பறவைகள் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1880இல் முடிந்தது. ஹென்றியின் கையேடு 1955இல் வந்தது. பிறகு வடக்கில் யுத்தம். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் நிற்பது அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட வேலை என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவானது. இடையில் அங்கே நடந்தவை வேறு. பறவைகள் வராமல் விடவில்லை, எண்ணுவதற்கு ஆள் நிற்க முடியவில்லை. அதனால்தான் இன்றைக்கு எங்கள் பக்கம் யாராவது ஒழுங்காக ஒரு படம் எடுத்துப் போட்டால் "வடக்கில் அரிதான பதிவு" என்று கொழும்பில் சந்தோஷப்படுகிறார்கள். அரிது எது, குருவியா, எண்ணுகிற ஆளா?

அந்தச் சந்தோஷத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நாங்கள் ஒரு பிழை விட்டோம்.

போன நவம்பரில் தீவுப் பக்கம் ஒரு பரவைக்கடலில் ஊசிவால் வாத்துகளைக் கண்டோம். பகலில் அவை தண்ணீரில் மிதந்தபடி நித்திரை கொள்ளும், இரவில்தான் மேயும். விடிகிற நேரம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியபோது செட்டைச் சத்தம் மழை இரைச்சல் மாதிரிக் கேட்டது. எங்களில் ஒருத்தன் போனில் எடுத்த வீடியோ நன்றாக அமைந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரமே முகநூலில் போட்டோம், இடத்தின் பெயரோடு, வரைபடத்தில் புள்ளியும் குத்தி. ஆயிரக்கணக்கான ஆட்கள் பார்த்தார்கள். கனடாவில் இருந்து ஒரு அன்ரி, "எங்கட ஊரில இவ்வளவு வாத்தோ" என்று எழுதியிருந்தா. எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு போனோம். ஆரோ ட்ரோன் விட்டுக்கொண்டு நின்றார்கள். வாத்துகள் ஒரு இடத்திலும் இருக்கவில்லை. அதற்கடுத்த கிழமை கரையோரம் தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் தங்கூசிக் கண்ணி வரிசையைக் கண்டோம். இரண்டு முளைக்கு நடுவில் கட்டின தங்கூசியில் வாத்தின் செட்டை இறகுகள் ஒட்டிக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி அடுப்புக் கல்லு, சாராயப் போத்தல்.

1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டத்தின்படி இது குற்றம், எங்களுக்குத் தெரியும். கண்ணியை அறுத்தோம், திணைக்களத்துக்கும் அறிவித்தோம். ஆனால் வீடு திரும்பும்போது பஸ்சில் ஒருத்தரும் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. அந்தக் கண்ணி எங்கள் வீடியோவைப் பார்த்துக் கட்டினதா, வருஷா வருஷம் கட்டுகிறதா? அண்டிரவு வீடியோவை அழித்தோம். அழித்த பிறகுதான் சண்டை தொடங்கியது.

ஒருத்தி சொன்னாள், இடம் இல்லாத பதிவு பதிவே இல்லை, நாளைக்கு அந்த இடத்தை மண் போட்டு நிரப்ப வந்தால் எதைக் காட்டி மறிப்பீர்கள் என்று. இன்னொருத்தன் சொன்னான், மறிக்கிற நாள் வரமுதல் வாத்து முடிந்துவிடும் என்று. இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது, அதுதான் கரைச்சல். வேட்டை, கடத்தல் ஆபத்து இருக்கிற சில இனங்களின் இடத்தை ஈபேர்ட் தானாகவே மறைத்துக் காட்டும். சாதாரண வாத்துக்கு அந்த மறைப்பு இல்லை. இறைச்சிக்கு அடிபடுவது சாதாரணமானவைதான்.

அந்தச் சண்டைக்குள்தான் நாகலாந்துக் கதை வந்தது. ஆமூர் வல்லூறு புறாவளவுள்ள ஒரு சின்ன வேட்டைப் பறவை. ஆபிரிக்காவுக்குப் போகிற வழியில் ஒக்ரோபர், நவம்பரில் இலட்சக்கணக்கில் நாகலாந்தின் டொயாங் நீர்த்தேக்கப் பக்கம் இறங்கும். 2012இல் அங்கே மீன் வலைகளைக் கட்டி ஒரு இலட்சத்துக்கு மேல் பிடித்துக் கொன்றதை வீடியோவோடு வெளிப்படுத்தினார்கள். அடுத்த வருஷம், 2013இல், ஒன்றுகூடக் கொல்லப்படவில்லை என்றார்கள். கிராம சபைகளும் தேவாலயங்களும் இறங்கி வேலை செய்தன, பங்டி ஊரில் முந்தி வலை கட்டினவர்களே காவலுக்கு நின்றார்கள். "பாத்தியா, வீடியோ போட்டபடியால்தானே மாறினது," என்றாள் ஒருத்தி. "வீடியோவைப் போட்டிட்டுப் பேசாமல் இருக்கேல்லயே, ஊருக்குள்ள போய்க் கதைச்சவங்கள்," என்றான் மற்றவன்.

நாங்கள் அந்த ஊரில் ஒருத்தரோடும் கதைத்திருக்கவில்லை. விடியப் போவோம், படம் எடுப்போம், கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு வருவோம்.

அடுத்த முறை கமராவை வெளியில் எடுக்காமல் போனோம். களங்கண்டித் தடிகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்ற ஒரு வயதான மீனவரோடு கதை கொடுத்தோம். இப்போது அவரை அப்பு என்றுதான் கூப்பிடுகிறோம். கண்ணியைப் பற்றிக் கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னார்.

"நானும் பிடிச்சனான் பிள்ளையள். பொருளாதாரத் தடைக் காலம். கடலுக்குப் போக விடாங்கள். போனாலும் ஆள் திரும்பி வருமோ தெரியாது. வீட்டில நாலு பிள்ளையள். உள்ளானும் தாராவும்தான் கறி. அப்ப எனக்குத் தெரியும் எந்தக் காத்துக்கு எது வரும், எங்க இறங்கும் எண்டு. இப்ப பிடிக்கிறவங்கள் பசிக்குப் பிடிக்கேல்ல. போத்தலுக்குப் பைற்ஸ்."

உள்ளானைத் தின்றேன் என்று ஒருவர் சொல்கிறார், நாங்கள் பறவைகளைக் காப்பாற்ற வந்த ஆட்கள், ஆனால் அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அந்தக் காலத்தில் என்னத்தைத் தின்றார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. மாறாக நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர் சொன்னதை எழுதினோம். கச்சான் காற்று விழுந்து எத்தனையாம் நாளில் முதல் வாத்து வரும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மூக்கன் நிற்கும், பூநாரை வருகிற வருஷம் இறால் எப்படி இருக்கும். இறால் கதை எங்களுக்கு நம்பிக்கை இல்லை, என்றாலும் எழுதினோம். அவருக்குத் தெரிந்த பெயர்களையும் எழுதினோம். அவற்றில் பாதியைப் புத்தகத்தில் உள்ள பெயர்களோடு இன்னும் பொருத்தி முடிக்கவில்லை.

போகப்போக அப்பு எங்கள் பைனாகுலரை வாங்கிப் பார்க்கத் தொடங்கினார். முதல் நாள் வளைமூக்கு உள்ளான் ஒன்றைப் பார்த்துவிட்டு நெடுநேரம் திருப்பித் தரவில்லை. "இவ்வளவு கிட்டக் கண்டது சட்டிக்குள்ளதான்," என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எங்களுக்குள் இப்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஈபேர்டில் பதிவோம், ஆனால் பறவைகள் போன பிறகு. முகநூலில் படம் போட்டால் மாவட்டத்தோடு நிற்போம். கண்ணாடியில் அடிபட்ட குருவி என்றால் மட்டும் கட்டடத்தின் பெயரையும் எழுதி வைப்போம், எந்தக் கட்டடம் எத்தனையைக் கொல்கிறது என்று தெரியவேண்டும். இடம் இல்லாத பதிவு பதிவில்லை என்று சொன்னவள் இதற்கு இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. போன கூட்டத்திலும் அதே வாக்குவாதம்தான்.

இந்த வருஷம் ரியூற்றரி மேல்மாடி இருட்டு. ஐயா ஒரு குருவியும் விழவில்லை என்று சொன்னார். ஒரு வருஷத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போன செவ்வாய் இரவு நல்ல மழை. புதன் விடிய அப்புவிடம் இருந்து கோல். வழமையாக நாங்கள்தான் எடுப்போம், அவரிடம் காசு இருக்காது. இந்த முறை அவர் எடுத்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"பிள்ளையள், வந்திட்டினம்."

எவ்வளவு பேர் என்று கேட்டோம்.

"எண்ணேல்ல. முந்தின மாதிரி இல்லை. நேற்று ரண்டு பொடியள் மோட்டச்சைக்கிளில வந்து சுத்திப் பாத்தவங்கள். நான் போய்க் கதைச்சனான். ஆற்றை பொடியள் எண்டும் தெரியும்."

ஞாயிறு விடிய நாலரைக்கு வெளிக்கிடுகிறோம். எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டோம். ட்ரோன் கொண்டுவராதேங்கோ, வெள்ளைச் சேர்ட் போடாதேங்கோ. வர விருப்பம் என்றால் எங்களில் யாரிடமாவது நேரில் கேளுங்கோ, இடத்தை இதில் எழுதவில்லை.