புது கிராபிக்ஸ் கார்டும் ஏற்காடு ரோடும்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எவ்வளவு பெரிய வண்டி வாங்கினாலும் அங்கே முன்னால் போகும் லாரியின் வேகம்தான் உங்கள் வேகம். கம்ப்யூட்டரும் இதே கதைதான் மக்களே!

ஏற்காட்டில் ஒரு கல்லூரி மாணவன். கோடை சீசனில் விடுதி ஒன்றில் ரூம் பாய் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கினான். பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யைக் கழற்றிவிட்டு இதைச் சொருகினால், முன்பு ஓரளவு ஓடிய கேம் இப்போது நின்று நின்று ஓடுகிறது. "காசைக் கரியாக்கிட்டான்" என்று வீட்டில் பேச்சு வேறு.

முதல் சந்தேகம் லோ வோல்டேஜ். மலையில் எது கெட்டாலும் பழி கரண்ட் மேல்தான். ஆனால் கரண்ட் பத்தாவிட்டால் கம்ப்யூட்டர் அணையும், ரீஸ்டார்ட் ஆகும். அணையாமல், கேம் மட்டும் திக்கினால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அடுத்தது சூடு. 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 15 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்று குறைவுதான். ஆனால் ஏற்காட்டுக் குளிர் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். வெப்பநிலையைப் பார்த்தான், சரியாகவே இருந்தது.

பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டான். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில்தான் இருக்கிறதா என்றும் பார்த்தான். எல்லாம் சரி. திக்கல் மட்டும் போகவில்லை.

கடைசியில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் குட்டை உடைத்தது. 2022 ஜனவரியில் வந்த இந்தக் கார்டுக்கு 4 லேன்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது நொடிக்கு சுமார் 8 ஜிபி கடத்தும். இவனுடையது எச்81 போர்டு, ஸ்லாட் 2.0. அதில் வெறும் 2 ஜிபி! பழைய கார்டுக்கு 16 லேன் இருந்ததால் அதே ஸ்லாட்டில் 8 ஜிபி கிடைத்தது. வண்டி புதுசு, ரோடு கால்வாசி.

கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பியதும் மிச்சத்தை ராமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியே இழுக்க வேண்டும். திக்கல் அங்கேதான். டெக்ஸ்சரை 'ஹை'யில் இருந்து 'மீடியம்' ஆக்கினான். மெமரிக்குள் அடங்கியது, கேம் ஓடியது. செலவு பூஜ்யம்.

"புது போர்டு வாங்கிடு" என்றார்கள் நண்பர்கள். போர்டு மாறினால் பிராசசர், ராம் எல்லாமே மாற வேண்டும். கார்டுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று மேலும் காசு போடுவதற்கு காமர்ஸ் வகுப்பில் ஒரு பெயர் உண்டு: மூழ்கிய செலவுப் பொறி. போன காசு எப்படியும் போனதுதான். இனி போடும் காசுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அவன் வாங்கவில்லை. அந்தக் காசு அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குப் போனது.

கார்டு வாங்க மலை இறங்கும் முன் மூன்று விஷயங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: போர்டின் ஸ்லாட் எத்தனாவது தலைமுறை, கார்டுக்கு எத்தனை லேன், எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட். பழைய போர்டு என்றால் இன்டெல் ஆர்க் கார்டுகளிலும் உஷார். ரீசைசபிள் பார் வசதி இல்லாவிட்டால் அவை நன்றாகவே தடுமாறும். சீட்டைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். 20 வளைவும் திரும்ப ஏறி வந்தபிறகு தெரிந்து என்ன லாபம்? :-)